பன்னிரண்டு புள்ளி எட்டு

வாழ்த்துகள் என்று தொடங்கியது அந்தக் கடிதம். செகந்திராபாத் பக்கம், போலாரம் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கைப்பேசியில் படித்தேன். முதல் வரியைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு டீச்சரம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நல்லவேளை, கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் இரண்டாவது வரியையும் படித்துவிட்டேன். உங்கள் பகுதியில் பரிசோதிக்கப்பட்ட நூற்று இருபது பெண்களில் நூற்று மூன்று பேருக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதுமான அளவு இருப்பது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. ஆகவே எங்கள் அறக்கட்டளையின் ரத்தசோகைத் திட்டத்துக்கு உங்கள் பகுதியில் தேவை இல்லை என்று கருதுகிறோம். தங்கள் சேவை தொடரட்டும். கீழே ஸ்ரீலேகா என்று கையெழுத்து, மாதாப்பூர் முகவரி. நான் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போயும் விட்டது.

மல்லாபூரில் தொழிற்சாலைப் பெண்களுக்காக மாலைநேர கிளினிக் ஒன்றை எங்கள் சமிதி நடத்துகிறது. அதற்கு நான் ஒருங்கிணைப்பாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது, வந்த நிதிக்கு அறிக்கை எழுதுவது, ட்யூப்லைட் போனால் ஆள் பிடித்து மாற்றுவது, இவ்வளவுதான். ஊசி, மருந்து, பிரஷர் எல்லாம் நர்ஸ் சுமதியின் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் ஒரு டாக்டரம்மா வந்து போவார். ஊறுகாய் கம்பெனியிலும் பிளாஸ்டிக் கம்பெனியிலும் பகலெல்லாம் நின்றுவிட்டு வரும் பெண்களுக்கு, ஆறரை மணிக்கு மேல் திறந்திருக்கும் ஒரே இடம் எங்களுடைய மாடி அறைதான். அதுவரை நிதி தந்துகொண்டிருந்தவர்கள் மார்ச் மாதத்தோடு கையை விரித்துவிட்டார்கள். செப்டம்பருக்குள் இந்த அறக்கட்டளை சம்மதிக்காவிட்டால் கிளினிக்குக்குப் பூட்டு, சுமதிக்கு வேலை போய்விடும். அறக்கட்டளையின் விதி எளிமையானது. நூறில் நாற்பது பேருக்காவது ரத்தசோகை இருக்க வேண்டும். எங்களிடம் அறுபது இருக்கும் என்று விண்ணப்பத்தில் தைரியமாக எழுதியிருந்தேன். நானாக எழுதவில்லை, ஆறு வருஷமாக அந்தப் பெண்களின் கண்ணிமையை இழுத்துப் பார்த்த சுமதி சொன்னதை எழுதினேன். இப்போது பதினான்கு என்று வந்திருக்கிறது.

எங்கள் தொழிலில் நல்ல செய்திக்கு நிதி கிடையாது. இதைச் சொன்னால் என் கணவர் வேணுகோபால் சிரிப்பார். அன்றைக்கும் பஸ் நிறுத்தத்திலிருந்தே அவரிடம் போனில் புலம்பினேன். "பொம்பளைங்களுக்கு ரத்தம் நல்லா இருக்குன்னு ஊர்ல ஒருத்தி அழுது இப்பதான் பாக்குறேன்" என்றார். போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் அன்று முழுக்க என்னை அரித்தது.

மல்லாபூர் போய்ச் சேர்ந்ததும் சுமதியிடம் கைப்பேசியை நீட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள். "கைக்கு அக்கா இப்படி? மெஷின் கெட்டுப்போச்சா?" என்றாள். கைக்கு என்றால் இந்த ஊர் உருதுவில் ஏன். அவர்களே கொண்டுவந்த மெஷின், அவர்களே கூட்டிவந்த ஆட்கள், நாங்கள் பெயரைக் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்ததோடு சரி என்று நினைவுபடுத்தினேன். ரத்தப் பரிசோதனை முகாம் நடந்த அன்று சுமதிக்கு வேறு வார்டில் தடுப்பூசி வேலை இருந்ததால் அவள் வரவில்லை. அவள் வந்திருந்தால் விஷயம் அன்றைக்கே உடைந்திருக்கும். எனக்குப் பாதிப் பெண்களைப் பெயராகத் தெரியும், முகமாகத் தெரியாது. பட்டியலில் டிக் போடுகிறவளுக்குப் பெயர்தான் பழக்கம்.

அறக்கட்டளை ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு அட்டை அனுப்பியிருந்தது. மேலே பெயர், கீழே ரத்த அளவு, மூலையில் பச்சை இலை. அன்று மாலை வந்தவர்களுக்கு அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பாலமணி வந்தாள். எங்கள் மாடிக்குப் பதினான்கு படி. ஏழாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்காமல் பாலமணி ஏறி வந்ததில்லை. அன்றும் உட்கார்ந்தாள். மேலே வந்ததும் சுமதி அவள் அட்டையைப் பார்த்தாள், பன்னிரண்டு புள்ளி எட்டு. பன்னிரண்டு இருந்தாலே போதும். அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, பாலமணியின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

"இது யார் ரத்தம் பாலமணி?" என்று தெலுங்கில் கேட்டாள் சுமதி.

பாலமணி சிரித்தாள். மாட்டிக்கொண்ட சிரிப்பாக இல்லை, பாராட்டை எதிர்பார்க்கிற சிரிப்பு. அவள் பேசியது தெலுங்கில். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும். "என் வதினதும்மா. கட்கேசர்ல எருமை வெச்சிருக்காங்க. தினம் பாலு, தயிரு. அவளைத்தான் என் ஆதார் ஜெராக்ஸ் குடுத்து அனுப்பினேன். எவ்வளவு வந்திருக்கு, பன்னெண்டா? பரவால்லையே!" வதின என்றால் அண்ணன் பெண்டாட்டி.

எத்தனை பேர் இப்படி ஆள் மாற்றி அனுப்பினீர்கள் என்று கேட்டேன். சரியாகத் தெரியாது, நிறையப் பேர் என்றாள். யசோதா மகளை அனுப்பினாள். பத்மா பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். ஆள் கிடைக்காதவர்கள்தான் தாங்களே வந்தார்களாம். "நல்ல ரத்தமாப் பாத்துத்தான் அனுப்பினோம் மேடம். உங்களுக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுல்ல" என்றாள். ஏன் என்று சுமதி அதட்டியதும்தான் சிரிப்பு அடங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டு, "கண்ணுக்கு நடந்த மாதிரி நடந்தா என்ன பண்றது?" என்றாள்.

கண்ணுக்கு நடந்தது எனக்குத் தெரியும். தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போன வருஷம் ஊறுகாய் கம்பெனியில் ஒரு கண் முகாம் நடத்தினோம். பார்வை மங்கலான மூன்று பெண்களுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஷ்யாம், நன்றி சொல்ல வேண்டும், பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தேன். அடுத்த வாரமே அந்த மூன்று பேரும் பாட்டில் சரிபார்க்கும் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டார்கள். இரண்டு பேர் மிளகாய் அரைக்கும் பக்கம் போனார்கள். ஒருத்திக்கு வேலையே இல்லை. ஷ்யாமை ராட்சசன் என்று சொல்ல மாட்டேன். பாட்டிலில் தூசி இருந்தால் அவரைத்தான் கேட்பார்கள், அவர் தன் வேலையைப் பார்த்தார். பட்டியலை எழுதி அவர் கையில் கொடுத்தது நான். அந்த வருஷ அறிக்கையில் அதையே மூன்று பெண்களுக்குப் பார்வைத் திருத்தம் என்று ஒரு வரியாகப் போட்டு, படமும் சேர்த்தேன்.

இந்தத் தடவை ரத்த முகாமை எங்கே வைத்தேன் என்று நினைக்கிறீர்கள்? அதே கம்பெனியின் கொட்டகையில். முகாம் நடக்கும் இடத்தில் மின்விசிறி, குடிநீர், ஐம்பது நாற்காலி, கழிப்பறை எல்லாம் இருக்க வேண்டும் என்று அறக்கட்டளை ஒரு தாள் அனுப்பியிருந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்த ஒரே இடம் ஷ்யாமின் கொட்டகை. மூன்று தடவை போன் போட்டுக் கெஞ்சி வாங்கினேன். அவரும் பெருந்தன்மையாக வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் மோர் பாக்கெட் கொடுத்தார். எவ்வளவு ஒத்துழைப்பு என்று நான் பூரித்துப்போனேன். வரிசையில் நின்ற பெண்களுக்கு அந்த மோர் எப்படி இறங்கியிருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் செகந்திராபாதில் மெட்ரோ ஏறி மாதாப்பூர் போனேன். வழியெல்லாம் இரண்டு பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். ஒன்று, மெஷினில் கோளாறு. இன்னொன்று, நடந்தது. முதல் பேச்சு நன்றாகவே வந்தது. இரண்டாவது பேச்சில் பாதிக்கு மேல் போக முடியவில்லை. பெண்களைக் காட்டிக்கொடுப்பது போலிருந்தது, அதைவிட என்னைக் காட்டிக்கொடுப்பது போலிருந்தது. ஆறு வருஷமாகக் கூடவே இருக்கிறோம் என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியவள் நான். கூடவே இருந்தவளை நம்பாமல்தான் அத்தனை பேர் வேறு ஆளை அனுப்பியிருக்கிறார்கள்.

ஸ்ரீலேகாவுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கோயமுத்தூர்ப் பெண், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நான் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து கடிதத்தில் இங்கிலீஷ், நேரில் தமிழ். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, "காபி சாப்பிடறீங்களா மேடம்?" என்றாள். வேண்டாம் என்றேன். வாய் தானாக முதல் பேச்சை எடுத்துவிட்டது.

"மெஷின்ல ஏதோ தப்பு இருக்கும்னு தோணுதும்மா."

"அன்னைக்குக் காலையிலகூட சரிபார்த்தோமுங்க மேடம். அதே மெஷின்தான் மத்த ரெண்டு ஏரியாவுக்கும் போச்சு. அங்கெல்லாம் ஐம்பதுக்கு மேல வந்துச்சுங்க." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கெட்டிக்காரப் பெண். "வேற ஏதாச்சும் இருக்குங்களா?"

சொல்லிவிட்டேன். வதினவிலிருந்து மோர் பாக்கெட் வரைக்கும். அவள் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாளே தவிர, எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் மெல்லிய குரலில் பேசினாள். "இதை நீங்க எழுத்துல குடுத்தா, எங்க ஃபார்ம்ல தவறான தகவல்னு ஒரு கட்டம் இருக்குங்க மேடம். அதுல டிக் விழுந்தா மூணு வருஷத்துக்கு நீங்க அப்ளை பண்ணவே முடியாது. மத்த டிரஸ்ட்டுகளும் எங்ககிட்டத்தான் விசாரிப்பாங்க."

"எழுதாம விட்டா?"

"எழுதாம விட்டா, இப்ப போன லெட்டர்தானுங்க கடைசி."

கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தார்கள். எழுந்து வந்துவிடலாமா என்று நினைத்தேன். அவளே கேட்டாள். "மறுபடி வருவாங்களா? அவங்களே? திங்கக்கிழமை கமிட்டி இருக்குங்க. ஞாயித்துக்கிழமை நானே மெஷினோட வர்றேன். இருபது பேர் போதும். மறுபரிசோதனைன்னு போட்டுக்கலாம், ஏன்னு கேட்டா நான் பேசிக்கறேன். இருபதுல எட்டுப் பேருக்காவது பன்னெண்டுக்குக் கீழ வந்தாத்தான் என்னால வாயைத் தொறக்க முடியும். அதுக்கு மேல கமிட்டி என்ன சொல்லுமோ தெரியாதுங்க."

"பேரு எழுதுனா வர மாட்டாங்கம்மா."

பேனாவை மேஜையில் வைத்தாள். "நம்பர் போட்டுக்கலாம்" என்றாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷம் ஆன பெண் எனக்காகத் தன் தலையைக் கொடுக்கிறாள் என்று புரிந்தது.

பெண்களிடம் பேசுவது மாதாப்பூரைவிடக் கஷ்டமாக இருந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் சுமதி சந்து சந்தாக ஏறி இறங்கினாள். நான் பாலமணி வீட்டில் போய் உட்கார்ந்தேன். ஒற்றை அறை. ஒரு மூலையில் ஸ்டவ், இன்னொரு மூலையில் மடித்த படுக்கை. ஷ்யாமுக்குத் தெரியாது, பெயர் கிடையாது, நம்பர்தான், எங்கள் மாடியில்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, "கண்ணுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்?" என்றாள். கோபமே இல்லை குரலில். கடையில் விலை கேட்பது மாதிரி கேட்டாள். தப்பு பண்ணிட்டேன் என்று தெலுங்கில் சொன்னேன். அதிகாரியாக இல்லாத ஒருத்தியிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து எனக்கு டீ போட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஸ்ரீலேகா கேப்பில் வந்து இறங்கினாள். கூடவே மெஷினை இயக்க ஒரு பையன், பெயர் ஹர்ஷா. மாடியில் மேஜையைத் துடைத்து, பஞ்சு, ஊசி எல்லாம் எடுத்து வைத்தான். பத்தரை வரைக்கும் யாரும் வரவில்லை. சுமதி வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். "டென்ஷன் நக்கோ, வேணாம் அக்கா, வருவாங்க. துணி தொவைச்சிட்டு வருவாங்க" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போனாள். ஸ்ரீலேகா கைப்பேசியைப் பார்ப்பது போல எங்களைப் பார்க்காமல் இருந்தாள். பத்தே முக்காலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் மூன்று பேர். அப்புறம் யசோதா. அப்புறம் நான்கைந்து பேர் ஒன்றாக. பதினொன்றேகாலுக்கு வரிசை படியில் இறங்கித் தெருவுக்கே போய்விட்டது. இந்தத் தடவை ஒவ்வொருத்தி முகத்தையும் சுமதி பார்த்து, எனக்குத் தலையாட்டினாள். அவர்களேதான்.

முதல் ஆள் பன்னிரண்டு புள்ளி நான்கு. இரண்டாவது பன்னிரண்டு புள்ளி ஒன்று. மூன்றாவது பதினொன்று. நான்கும் ஐந்தும் மறுபடி பன்னிரண்டுக்கு மேல். ஒருவேளை சுமதி சொன்ன அறுபது பொய்யோ? ஒருவேளை தேவையே இல்லாத இடத்தில் ஆறு வருஷமாகக் கடை போட்டிருக்கிறோமோ? ஆறாவதாக வந்தவள் விரலை நீட்டும்போது நான் சாமியை வேண்டிக்கொண்டேன். குறைவாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்னைத் தப்பாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அப்போது எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. ஒன்பது புள்ளி எட்டு வந்தது. அடுத்தது பத்து. அடுத்தது பத்து புள்ளி இரண்டு. பதினைந்து பேர் முடிந்தபோது ஏழு பேர் பன்னிரண்டுக்குக் கீழே வந்திருந்தார்கள். இன்னும் ஒன்று வேண்டும். ஸ்ரீலேகா நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

பதினாறாவது பாலமணி. படியில் உட்கார்ந்து ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஹர்ஷா விரலில் குத்தினான். ரத்தம் சட்டென்று வரவில்லை. விரலைப் பிதுக்க வேண்டியிருந்தது. வந்ததும் தண்ணீர் கலந்தது மாதிரி வெளிறி இருந்தது. மெஷின் கொஞ்ச நேரம் கோடு கோடாகக் காட்டிவிட்டு நின்றது. ஆறு புள்ளி நான்கு.

எட்டு. எட்டு ஆகிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? நெஞ்சில் நான்கைந்து நாளாகக் கிடந்த கல்லை யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. ஸ்ரீலேகாவைப் பார்த்தேன், அவளும் கண்ணை மூடித் திறந்து தலையாட்டினாள். நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் முகம் முழுக்கச் சிரித்துவிட்டேன்.

"அக்கா" என்று சுமதி என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. "ஏழுக்குக் கீழ இருக்கு அக்கா. இது மாத்திரையில ஏறாது. ரத்தம் ஏத்தணும். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இவ எப்படி நின்னு வேலை பார்த்தாளோ தெரியலை." தமிழில்தான் சொன்னாள், பாலமணிக்குப் புரியக் கூடாதென்று.

பாலமணி மெஷினைப் பார்க்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் எண்ணைப் பார்க்கவும் அவளுக்குத் தெரியும், ஆனாலும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்த சிரிப்பை எடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"மஞ்சிகானே உந்தா மேடம்?" என்றாள். நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்கிறாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டே திரும்பி, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, நல்லா இருக்கு, பயப்படாதீங்க என்று உரக்கச் சொன்னாள். அது படி வழியாக ஒவ்வொருத்தியாகக் கீழே தெருவரைக்கும் போனது. பதினேழாவது பெண் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு விரலைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, கூப்பிடாமலேயே முன்னால் வந்து, கையை நீட்டினாள்.